முன்பள்ளியில் பிள்ளை என்ன சொல்லிக் கேட்பது: பீயா, கக்காவா, இரண்டுக்கா?

மல்லாவி அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். சிரிக்காமல் வாசியுங்கோ, எனக்கு இது உண்மையான பிரச்சினை. மகனுக்கு நாலு வயது நடக்குது, தை மாதம் முன்பள்ளியில் சேர்த்தோம். நானும் இவரும் வேலைக்குப் போவதால் அவன் மிச்ச நேரம் முழுக்க அம்மம்மாவோடுதான். அம்மம்மா வவுனிக்குளத்துப் பக்கம் பிறந்து வளர்ந்து, ஆடு மாடு கோழியோடு சீவித்த மனிசி. அவவின் வாயில் நாசூக்கு என்று ஒன்று கிடையாது. "பீ வருதோ மூத்திரம் வருதோ, டக்கெண்டு சொல்லு" என்றுதான் பழக்கினவ. உள்ளதைச் சொன்னால் நல்லாப் பழக்கினவ, மூன்று வயதுக்கு முதலே பம்பேர்ஸ் கழன்றுவிட்டது.

போன கிழமை முன்பள்ளியில் எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டிருக்க, இவன் எழும்பி நின்று "ரீச்சர், எனக்குப் பீ வருது" என்று முழு வகுப்புக்கும் கேட்கச் சொல்லியிருக்கிறான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். ரீச்சர், "சீ, இதென்ன கதை, வீட்டில இதுதானா பழக்கிறது" என்று பேசிப்போட்டு அனுப்பியிருக்கிறா. அன்றையில் இருந்து அவன் அங்கே கேட்பதே இல்லை. காலையில் போனதில் இருந்து விடும்வரைக்கும் அடக்கிக்கொண்டு இருந்துவிட்டு, சைக்கிளால் இறங்கினதும் இறங்காததுமாக வீட்டுக்குள் ஓடுகிறான். நேற்று ஓடி முடியவில்லை, களிசானோடு போய்விட்டது. பிறகு அழுகை வேறு.

ரீச்சரோடு சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை, ஊருக்குள் ஒரே முன்பள்ளி. என் கேள்வி எந்தச் சொல்லைப் பழக்குவது என்பதுதான். மாமி "கக்கா" என்கிறா. இவர் "ஒண்டுக்கு, ரெண்டுக்கு" என்கிறார். தங்கச்சி கொழும்பில் இருக்கிறாள், அவளின் பிள்ளைகளுக்கு எல்லாமே "வோஷ்ரூம்"தான், உள்ளே போய் என்ன செய்கிறார்கள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அம்மம்மாவிடம் சொல்லைக் கொஞ்சம் மாற்றுங்கோ என்று கேட்டதுக்கு, "பீயைப் பீ எண்டு சொல்லாமல் பிலாப்பழம் எண்டே சொல்லுறது" என்று திருப்பிக் கேட்கிறா. நாலு வயதுப் பிள்ளைக்கு எது மரியாதைச் சொல், எது இல்லை என்று எப்படி விளங்கப்படுத்துவது?

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

தங்கச்சி, நானும் முன்பள்ளி ரீச்சர்தான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், குறை நினைக்காதேங்கோ.

தை மாதம் புதுப் பிள்ளைகள் வந்தால் எனக்கு முதல் வேலை அ, ஆ இல்லை. எந்தப் பிள்ளை இதுக்கு என்ன சொல்லும் என்று தாய்மாரிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைப்பதுதான். எங்கள் ஒரு வகுப்புக்குள்ளேயே கக்கா இருக்கிறது, சூ இருக்கிறது, சலம் இருக்கிறது, ஒண்டுக்கு ரெண்டுக்கு இருக்கிறது, தமிழ்நாட்டுக் காட்டூன் பார்க்கிற வீட்டுப் பிள்ளைகளிடம் மூச்சாவும் ஆயும் வந்துவிட்டது. அப்பப்பாவோடு வளர்ந்த ஒருவன் வயதான ஆள் மாதிரி "வெளிக்குப் போகோணும்" என்பான். முதல் தடவை நான் முற்றத்தில் விளையாடக் கேட்கிறான் என்று நினைத்து, பாட்டு முடியட்டும் என்றேன். இன்னொரு சின்னப் பிள்ளை ஒன்றுமே சொல்ல மாட்டாள், காலைப் பின்னிக்கொண்டு வந்து என் சாறித் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதுவும் ஒரு பாஷைதான், நாங்கள் படிக்க வேண்டியது.

பீ, மூத்திரம் என்று சொல்கிற பிள்ளைகளும் ஒவ்வொரு வருஷமும் வருவார்கள். நான் பேசுவதில்லை. பேசினால் என்ன நடக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை சொல்லை விடுவதில்லை, கேட்பதைத்தான் விட்டுவிடுகிறது. முதலில் அனுப்பிவிட வேண்டும். திரும்பி வந்து கை கழுவினபிறகு, "இஞ்ச பள்ளிக்கூடத்தில ஒண்டுக்கு ரெண்டுக்கு எண்டு சொல்லுவம், என்ன" என்று சாதாரணமாகச் சொன்னால் போதும். வீட்டுச் சட்டை வேறு, பள்ளிக்கூடச் சட்டை வேறு என்று நாலு வயதுப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும், சொல்லிலும் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே அம்மம்மாவின் சொல்லைப் பறிக்காதேங்கோ. அது இருக்கட்டும், பக்கத்தில் இன்னொன்றை வையுங்கோ.

விரல் காட்டுகிற முறையும் வைத்திருக்கிறேன். சுண்டுவிரல் காட்டினால் ஒண்டுக்கு, இரண்டு விரல் என்றால் ரெண்டுக்கு. பாட்டுக்கு நடுவிலும் சத்தம் போடாமல் கேட்கலாம். ஒரு சிக்கல், எண் படிப்பிக்கிற நாளில் ஒருத்தி எழும்பி "ரீச்சர், மூண்டுக்கு எண்டால் என்ன?" என்று கேட்டாள். எனக்கு இன்றுவரைக்கும் பதில் இல்லை.

இன்னொன்று. சொல்தான் பிரச்சினை என்று முடிவுகட்ட முதல் அங்கே இருக்கிற கக்கூசை ஒருக்கால் போய்ப் பாருங்கோ. பல முன்பள்ளிகளில் அது கட்டடத்துக்கு வெளியே, தனியாகப் பின்பக்கம் இருக்கும். கொண்டி பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும், உள்ளே இருட்டாக இருக்கும், மூலையில் பல்லி, வாளி நிறையத் தண்ணீர், அதில் ஒரு பேணி மிதக்கும். அந்த வாளியைப் பிள்ளையால் அசைக்கவும் ஏலாது. குந்தி இருக்கிற தட்டு பெரிய ஆட்களின் அளவுக்கு வைத்தது, நாலு வயதுக் காலுக்கு அது அகலம், விழுந்துவிடுவேன் என்று பயம். வீட்டில் கொமட் என்றால் இன்னும் கரைச்சல். "சொல்ல வெட்கம்" என்று நாங்கள் நினைப்பதில் பாதி, "அங்கே போகப் பயம்" என்பதுதான். நீங்கள் ஒரு காலை பத்து நிமிஷம் முதலே போய், அவனோடு உள்ளே போய், எங்கே காலை வைப்பது, எப்படித் தண்ணீர் அள்ளுவது என்று காட்டிக் கொடுங்கோ. ரீச்சரிடமும் தனியாக, மற்றத் தாய்மார் இல்லாத நேரம், "இவன் இப்படித்தான் சொல்லுவான், பழக்கிக்கொண்டு இருக்கிறம்" என்று சொல்லுங்கோ. பெரும்பாலான ரீச்சர்மார் விளங்கிக்கொள்வார்கள்.

முத்தையன்கட்டுப் பெடியன்:

அம்மம்மாவுக்கு என்னுடைய ஓட்டு. ஐயா அம்மா எல்லாரும் "முத்தத்தில கோழிப்பீ கிடக்கு, பார்த்து மிதி" என்று சபையிலே சொல்லுவீர்கள். பல்லிப்பீ, காகப்பீ, பூனைப்பீ எல்லாம் சொல்லலாம். மிளகாய்க் கண்டுக்கு ஆட்டுப்பிழுக்கை போட்டதைப் பற்றி அப்பா வந்த விருந்தாளியோடு அரை மணித்தியாலம் கதைப்பார், தேத்தண்ணி குடித்துக்கொண்டே. காட்டுக்குள் பீநாறி என்று ஒரு மரமே நிற்குது, பூக்கிற காலத்தில் கிட்டப் போனால் பேர் வைத்தவன் பொய் சொல்லவில்லை என்று தெரியும். ஆனால் பிள்ளை தன்னுடையதைச் சொன்னால் மட்டும் "சீ". கோழிக்கு இருக்கிற சுதந்திரம் பிள்ளைக்கு இல்லையா?

அப்புறம் பெரிய ஆட்கள் யோக்கியர் மாதிரிக் கதைக்கிறார்கள். நாங்கள் பெடியள் குளக்கட்டில் நின்று கதைக்கிற கதையை இங்கே எழுதினால் என்னை இந்த இடத்தில் இருந்தே கலைத்துவிடுவார்கள். பதின்மூன்று வயதில் "மூத்திரம் அடிச்சிட்டு வாறன்" என்று சொன்னால்தான் நீ பெரியவன். "ஒண்டுக்கு" என்றால் குழந்தைப்பிள்ளை என்று பகிடி. அதனால் இப்ப என்ன பழக்கினாலும் பத்து வருஷத்தில் திரும்பவும் அம்மம்மாவின் சொல்லுக்குத்தான் வருவான், ஏன் வீண் சிரமம்?

முள்ளியவளை வாத்தியார்:

தம்பி பகிடிக்குச் சொன்னாலும் ஒரு பெரிய இலக்கண விஷயத்தைத் தொட்டுவிட்டார். தொல்காப்பியத்தில் இது அப்படியே இருக்கிறது.

சபையில் சொல்லத்தகாத சொல்லை மறைத்துச் சொல்ல வேண்டும் என்று சொல்லதிகாரத்தில் ஒரு சூத்திரம்: "அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்". அதற்கு அடுத்த சூத்திரமே ஒரு விலக்குக் கொடுக்கிறது. மறைக்கும்போது, வழக்கத்தில் நன்றாகப் பழகிப்போன சொல்லை மறைக்க வேண்டியதில்லை என்கிறது. அதற்கு உரைகாரர் காட்டும் உதாரணம் என்ன தெரியுமா, ஆப்பி, ஆட்டுப்பிழுக்கை. ஆப்பி என்றால் மாட்டுச் சாணம்தான், ஆ என்பதோடு பீ சேர்ந்து வந்த சொல். ஆகவே தம்பியின் அப்பா விருந்தாளியோடு பிழுக்கை பற்றிக் கதைப்பதற்குத் தொல்காப்பியரின் அனுமதி உண்டு. கோழிக்கும் சேர்த்துத்தான்.

இன்னும் வேடிக்கை, எழுத்ததிகாரத்தில் அந்த ஆப்பி என்ற சொல் எப்படிப் புணர்ந்து வருகிறது என்று விதி சொல்ல வேண்டிய இடத்தில், தொல்காப்பியர் "பீ" என்று வாய் திறந்து சொல்லவில்லை. "ஈகார பகரம்" என்கிறார். பகரத்தில் ஈகாரம் ஏறினது என்று சுற்றி வளைத்து எழுத்தைக் கூட்டிச் சொல்கிறார். அவருக்கே அவ்வளவு கூச்சம் இருந்திருக்கிறது என்றால் ஒரு முன்பள்ளி ரீச்சரை நாங்கள் என்ன சொல்ல?

நன்னூலில் இதற்கு இடக்கரடக்கல் என்று பெயர். பாடசாலையில் எல்லாரும் படித்திருப்பீர்கள், "கால் கழுவி வந்தேன்" என்ற உதாரணத்தோடு. படிக்கும்போது சிரித்திருப்பீர்கள். ஆனால் எங்கள் வீடுகளில் அது பாடப்புத்தகச் சொல் இல்லை, "பிள்ளைக்குக் கால் கழுவி விடு" என்று தினம் சொல்கிறோம். கழுவுவது காலை இல்லை என்பது பிள்ளைக்கும் தெரியும், ஒருவரும் குழம்புவதில்லை.

மூத்திரம் என்ற சொல்லையும் பாருங்கள். வடமொழியில் இருந்து வந்தது. இன்றைக்கு அது வாய்க்கூசும் சொல்லாகிவிட்டது. அந்த இடத்துக்குச் சலம் வந்தது, அதுவும் வடமொழிதான், வெறும் தண்ணீர் என்றுதான் பொருள். மலம் என்றால் அழுக்கு. சைவசமய பாடத்தில் ஆணவம், கன்மம், மாயை என்று மும்மலம் படிப்பிக்கிற நாளில் வகுப்பைக் கட்டுப்படுத்துவது எவ்வளவு பாடு என்று சமய ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். பின்வாங்கில் ஒருவன் "மூண்டும் ஒரே நாளிலயோ சேர்" என்பான், பாடம் அவ்வளவுதான். அதே சொல்லில் இருந்துதான் நிர்மலாவும் விமலனும் வருகிறார்கள் என்று சொல்லிவைத்தால் கொஞ்ச நேரம் யோசிப்பார்கள்.

கக்கூஸ் ஒல்லாந்துச் சொல். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள், 1795வரைக்கும் இருந்தார்கள், போகும்போது இதை விட்டுவிட்டுப் போனார்கள். பிறத்தியார் சொல் வந்த புதிதில் கொஞ்சம் கௌரவமாகத்தான் இருக்கும், பிறகு அதிலும் மணம் ஏறிவிடும். உடனே லற்றீன், அதில் ஏறினதும் ரொயிலற், பிறகு பாத்ரூம், இப்போது வோஷ்ரூம். பஸ் நிலையப் பலகையில் மலசலகூடம் என்று எழுதியிருப்பார்கள், ஒரு பிள்ளையும் அதை வாயால் சொல்லிக் கேட்டதில்லை. இதுவும் ஒரு நாள் கெட்ட சொல்லாகும், அப்போது வேறொன்று வரும்.

ஆகவே தங்கச்சி, எந்தச் சொல்லும் தன்னளவில் அசிங்கம் இல்லை. ஆனால் சபை என்று ஒன்று உண்டு. அதைப் பிள்ளைக்குப் பழக்கத்தான் வேண்டும், முத்தையன்கட்டுத் தம்பி சொல்கிற மாதிரிக் கைவிட ஏலாது.

கிளிநொச்சிக்காரன்:

வாத்தியார் சொன்னது நல்லாய் இருக்கு, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். எந்தச் சபை, யாருடைய சபை?

எங்கள் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டில் இருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறினது. தாத்தாவும் பாட்டியும் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பேசின பேச்சைத்தான் வீட்டில் பேசினோம். "ஆய் வருது", "ஒண்ணுக்கு வருது". இதில் என்ன அசிங்கம்? ஒன்றும் இல்லை, தமிழ்நாடு முழுக்கப் பிள்ளைகள் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் நான் முதலாம் வகுப்பில் "ஆய்" என்று சொன்னதற்கு வகுப்பே சிரித்தது. "ஒண்டுக்கு" என்று சொன்ன பிள்ளையைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. "ண்டு" என்றால் மரியாதை, "ண்ணு" என்றால் தோட்டத்துப் பேச்சு. ஒரே எண், ஒரே வேலை.

ரீச்சர் அக்கா எல்லாப் பிள்ளையின் சொல்லையும் கொப்பியில் எழுதி வைக்கிறா என்பதை வாசித்தபோது, அப்படி ஒருவர் எனக்குக் கிடைக்கவில்லையே என்று இருந்தது. இப்போது என் மகளும் இங்கே முன்பள்ளி போகிறாள். வீட்டில் ஆய், பள்ளியில் ரெண்டுக்கு, அவளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் அவள் ஆய் என்று சொல்லிவிட்டால் அதைத் திருத்துகிறேன் என்று யாரும் வரவேண்டாம் என்று முதல் நாளே போய்ச் சொல்லிவிட்டேன். கொஞ்சம் முகம் மாறினது, பரவாயில்லை.

வவுனியாத் தாதி:

சொல்லைப் பற்றி எல்லாரும் நல்லாக எழுதிவிட்டீர்கள். எனக்கு மல்லாவி அம்மா எழுதின ஒரு வரிதான் கண்ணில் குத்துது, "அடக்கிக்கொண்டு இருக்கிறான்". ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்று எங்கள் ஆட்கள் சும்மா சொல்லவில்லை.

நாலைந்து வயதுப் பிள்ளையின் சலப்பை மிகச் சின்னது. வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் வருகிற மில்லிலீற்றர்தான் அண்ணளவான கொள்ளளவு, நாலு வயது என்றால் கிட்டத்தட்ட 150, ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. அதை அரை நாள் அடக்கச் சொல்லக் கூடாது. அடக்குகிற பிள்ளை இன்னொன்றும் செய்யும், வருமே என்று பயந்து தண்ணீர் குடிக்காது. எங்கள் வெயிலுக்கு அது இன்னும் கெடுதல். சலம் மஞ்சளாகிக் கடுக்கும், கிருமித்தொற்று வரும், பெண் பிள்ளைகளுக்கு இன்னும் சுலபமாக வரும்.

மலத்தை அடக்கினால் கதை வேறு மாதிரிப் போகும். உள்ளே நிற்க நிற்க அதில் உள்ள தண்ணீரைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும், காய்ந்து இறுகும். இறுகினது வெளியே வரும்போது நோகும். நொந்த பிள்ளை அடுத்த முறை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். இந்தச் சுழலுக்குள் விழுந்த பிள்ளையை வெளியே எடுக்க மாதக்கணக்கில் பாடுபட வேண்டி வரும். நிரம்பின குடல் சலப்பையை நெருக்குவதால், பழகி முடிந்த பிள்ளை திரும்பவும் களிசானில் போகத் தொடங்கும். தாய்மார் அதைக் குழப்படி என்று அடிப்பார்கள். அடிக்காதேங்கோ.

செய்யக்கூடியது இதுதான். சாப்பிட்ட கையோடு குடல் தானாகவே அசையும், அதனால் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து பத்து நிமிஷம் அவசரப்படுத்தாமல் இருத்துங்கோ. கொமட் என்றால் கால் தொங்கக் கூடாது, காலுக்குக் கீழே ஒரு பலகையோ சின்ன ஸ்ரூலோ வையுங்கோ. தண்ணீர், பப்பாசி, கீரை. முன்பள்ளிக்குப் போக முதல் ஒரு தரம், இடைவேளைக்கு ஒரு தரம், வருதோ வரவில்லையோ போய்வரட்டும், ரீச்சரிடம் சொல்லி வைக்கலாம். சலம் போகும்போது அழுதால், காய்ச்சல் இருந்தால், இரத்தம் கண்டால், காத்திருக்காமல் மருந்தெடுக்கக் கூட்டிக்கொண்டு போங்கோ.

சொல்லைப் பற்றி என்னுடைய பங்குக்கும் ஒன்று. வாட்டில் டொக்டர் வந்து "மலம் கழித்தாயா" என்று கேட்டால் பிள்ளை விறைத்துப்போய்ப் பார்க்கும். "கக்கா போனியா" என்றால் உடனே பதில் வரும். சிங்களம் பேசுகிற டொக்டர்மாருக்கும் இது சுகம், ஏனென்றால் சூ, கக்கா இரண்டும் சிங்களப் பிள்ளைகளும் சொல்கிற சொல். தமிழ் ஒரு வசனமும் வராத டொக்டர் பிள்ளையோடு இந்த இரண்டு சொல்லை வைத்தே முழு விசாரணையும் முடித்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பிள்ளைக்குத் தன்னுடைய உடம்பில் எந்த இடம் நோகுது என்று சொல்லவும் ஒரு சொல் வேண்டும். "அங்க" "கீழ" என்றால் போதாது. வயிறா, சலம் போகிற இடமா, மலம் போகிற இடமா என்று காட்டிச் சொல்லப் பழக்குங்கோ. அதைச் சொல்ல வெட்கப்பட வைத்துவிட்டால், வேறு யாராவது தொட்டாலும் பிள்ளை சொல்லாது.

ரொறன்ரோச் சித்தி:

வாசித்துச் சிரித்து முடியவில்லை. நானும் முள்ளியவளைதான், வாத்தியார் எனக்குப் படிப்பித்தவரோ தெரியாது. இங்கே ஒரு தமிழ்நாட்டுத் தோழியிடம் "மகனுக்குச் சலம் ரெஸ்ற் பண்ணக் கொடுத்தேன்" என்று சொன்னேன். அவளுக்கு முகமே மாறிவிட்டது. அவர்களுக்குச் சலம் என்றால் புண்ணில் வடிகிற சீழாம். பிள்ளைக்கு எங்கே புண், எப்படி வந்தது என்று ஒரே விசாரணை.

மகன் போன வருஷம் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்தபோது அந்தச் சனத்துக்குள் நின்று "வோஷ்ரூம் எங்க" என்று கேட்க, பக்கத்தில் நின்ற ஆச்சி கை கழுவப் போறானாக்கும் என்று தண்ணீர்ப் போத்தலை நீட்டினா. அவன் "கக்கா" என்றதும்தான் ஆச்சி சனத்தை விலக்கி வழி எடுத்துக் கொடுத்தா. அதனால் என்னுடைய முடிவு, உலகம் முழுக்கப் போனாலும் கக்காவைக் கைவிடாதேங்கோ.

மல்லாவி அம்மா:

எல்லாருக்கும் பெரிய நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ரீச்சர் அக்கா சொன்ன மாதிரிப் போய்ப் பார்த்தேன். கொண்டி உயரத்தில் இல்லை, ஆனால் உள்ளே கதவுக்குப் பின்னால் பெரிய சிலந்தி ஒன்று வலை கட்டியிருக்குது. "அது இருக்கிறபடியால்தான் நான் போறேல்லை" என்று மகனே காட்டினான். பேச்சு வாங்கினதை அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, நான்தான் அதைப் பிடித்துக்கொண்டு இருந்தேன் போல. ரீச்சரோடும் கதைத்தேன், அவ "நான் அப்பிடிச் சொன்னது சரியில்லைத்தான்" என்று சொல்லிச் சிலந்தியை விளக்குமாற்றால் தட்டிவிட்டா. அங்கே சொல்லுகிறதுக்கு "ரெண்டுக்கு" என்று மூன்று பேரும் சேர்ந்து முடிவெடுத்தோம். தாதி அக்கா, தண்ணீர் குடிக்கிறானா என்று இப்போதுதான் கவனித்தேன், போத்தல் கொண்டுபோன படியே திரும்பி வருது. அதையும் சொல்லி வைக்கிறேன்.

அம்மம்மாவைத்தான் மாற்ற ஏலாது. வாத்தியார் எழுதினதை வாசித்துக் காட்டினேன், "பார், அந்தக் காலத்துப் புலவரே ஆட்டுப்பிழுக்கைக்குச் சரி எண்டவர்" என்று இன்னும் ஏறிப்போய் நிற்கிறா.

நெடுங்கேணி அப்பா:

நல்ல தலைப்பு, இடையில் வந்ததுக்குக் குறை நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் ஒண்டுக்கு ரெண்டுக்கு எல்லாம் ஒழுங்கு. மகளுக்குப் பிரச்சினை மற்றது. கோயிலில் ஐயர் தீபம் காட்டுகிற நேரம், ஒரு சத்தமும் இல்லாத நேரம், "அப்பா குசு விட்டவர்" என்று சொல்லுகிறாள். விட்டது நான் இல்லை என்பது வேறு கதை. இதுக்கு என்ன மரியாதைச் சொல் இருக்கு?

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

அண்ணை, "காத்துப் போட்டுது" என்று சொல்லப் பழக்குங்கோ, வகுப்பில் நான் அதைத்தான் பாவிக்கிறேன். ஆனால் யாருக்குப் போனது என்று பேர் சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்துப் பழக்குங்கோ, அதுதான் கஷ்டம். என்னுடைய வகுப்பில் இன்னும் ஒருவரும் அதில் பாஸ் பண்ணவில்லை.